பென்னிகுக் பிடித்த பைப்பும் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டும்

எங்க லோயர் கேம்பில் "பைப்" என்று சொன்னால் யாருக்கும் புகையிலை ஞாபகத்துக்கு வராது. மலை மேலிருந்து மின் நிலையத்துக்கு இறங்கி வருகிற நாலு ராட்சதக் குழாய்கள்தான் வரும். அதனால் போன டிசம்பரில் ஊரிலிருந்து ஒரு அண்ணன் வாட்ஸப்பில், "தம்பி, பென்னிகுக் துரையோட பைப் கிடைச்சிருச்சு" என்று அனுப்பியபோது, அணை வேலைக்காலத்து இரும்புக் குழாய் எதுவோ தோண்டும்போது சிக்கியிருக்கு என்றுதான் நினைத்தேன். போட்டோ டவுன்லோடு ஆன பிறகுதான் தெரிந்தது. வாயில் வைத்துப் புகைக்கிற பைப். அகராதி பார்த்தால் "சுங்கான்" என்று இருக்கும். நமக்கெல்லாம் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில், பணக்கார அப்பா மாடிப்படி இறங்கி வரும்போது வாயில் இருக்குமே, அந்தச் சாமான்.

அண்ணன் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜனவரி 15 பென்னிகுக் பிறந்தநாள். எங்க பள்ளத்தாக்கு ஊர்களில் அன்றைக்கு அவர் படத்தை வைத்துப் பொங்கல் வைப்பாங்க. அண்ணன் அதில் முன்னால் நிற்கிற ஆள். இந்தப் பைப்பை குமுளிப் பக்கம் ஒரு பழம்பொருள் கடையில் 4,500 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். கடைக்காரர் சொன்னது, "அணை கட்ட வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் வீட்டுச் சாமான்" என்பது மட்டும். மலைப்பாதை இறங்கி லோயர் கேம்ப் வந்து சேர்வதற்குள் வெள்ளைக்கார இன்ஜினியர் பென்னிகுக் ஆகிவிட்டார். பொங்கலன்று கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கீழே அட்டையில் பெயர் எழுதி மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அட்டையில் என்ன எழுதுவது என்று கேட்கத்தான் எனக்கு மெசேஜ்.

எனக்கு ஏன் என்றால், 2009இல் ஆன்சைட் வேலையாக ஜெர்மனி போனபோது இதே மாதிரி ஒரு வெள்ளைப் பைப்பை வாங்கி, ரெண்டு வருஷம் புகைத்தும் இருக்கிறேன். புகையை விட்டுப் பல வருஷம் ஆச்சு. ஆனால் அந்தக் கல்லைப் பற்றிய ஆர்வம் போகவில்லை. போட்டோவைப் பார்த்ததுமே கல் எதுவென்று ஊகித்துவிட்டேன். மீர்ஷாம்.

கடல்நுரை என்ற பெயர்

மீர்ஷாம் ஜெர்மன் சொல். நேர் அர்த்தம் கடல்நுரை. பிரெஞ்சுக்காரர்களும் அவர்கள் மொழியில் கடல்நுரை என்றே சொல்கிறார்கள். கடலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மெக்னீசியமும் சிலிக்காவும் நீரும் சேர்ந்த ஒரு களிமண் வகைக் கனிமம் இது. நுண்துளைகள் நிறைந்தது. நன்றாகக் காய்ந்த கட்டியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். வெள்ளையாக மிதக்கிற கல்லுக்கு அந்தப் பெயர் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

இங்கே எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கு. நம்ம நாட்டுமருந்துக் கடையில் போய் "கடல்நுரை" கேட்டுப் பாருங்க. வெள்ளையாக, லேசாக, படகு மாதிரி ஒரு ஓடு எடுத்துத் தருவாங்க. அது கணவாய் மீனின் உள் ஓடு. சமஸ்கிருதத்திலும் அதற்கு சமுத்திரபேனம், அதாவது கடல்நுரை என்றுதான் பெயர். சரி, 1847இல் ஜெர்மன் கனிமவியலாளர் எர்ன்ஸ்ட் கிளாக்கர் இந்தக் கல்லுக்கு அறிவியல் பெயர் வைக்கிறார். செப்பியோலைட். எதை வைத்து? கணவாய் ஓட்டைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லை வைத்து. கல் பார்ப்பதற்கு அந்த ஓடு மாதிரியே லேசாக, துளைத்துளையாக இருக்கு என்பதால். அவர்கள் கல்லைக் கடல்நுரை என்றார்கள், நாம் ஓட்டைக் கடல்நுரை என்றோம். ரெண்டு பேரும் ஒன்றுபோல இருக்கிற ரெண்டு பொருளுக்கு ஒரே பெயரை வைத்திருக்கிறோம். கிளாக்கருக்கு நம்ம நாட்டுமருந்துக் கடை தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்தக் கல்லுக்குப் பேர்போன இடம் துருக்கியின் எஸ்கிஷெஹிர். துருக்கிக்காரர்கள் கடல்நுரை என்றெல்லாம் கவிதையாகச் சொல்வதில்லை. லூலெதாஷி, அதாவது பைப்கல் என்பார்கள். குழி வெட்டி, பக்கவாட்டில் சுரங்கம் போட்டு, மண்ணுக்குள் உருண்டை உருண்டையாகக் கிடைப்பதை எடுக்கிறார்கள். எடுக்கும்போது ஈரமாக, சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். கத்தியால் சீவலாம். ஈரம் போகாமல் வைத்திருந்து செதுக்கி, காயவைத்து, தேய்த்து, உருக்கிய தேன்மெழுகில் முக்கி எடுப்பார்கள். காய்ந்த பிறகும் நகத்தால் கீறினால் கோடு விழுகிற அளவு மென்மைதான்.

19ஆம் நூற்றாண்டில் இதன் தலைநகரம் வியன்னா. எஸ்கிஷெஹிரிலிருந்து கல் கட்டியாகவே பெட்டி பெட்டியாக வியன்னா போகும். அங்கே சிற்பிகள் குதிரை, வேட்டை, தேவதை என்று செதுக்குவார்கள். வாயில் வைக்கிற பகுதி அம்பரில் இருக்கும். வெள்ளிப் பூண் போட்டு, உள்ளே வெல்வெட் ஒட்டிய தோல் பெட்டியில் வைத்து விற்பார்கள். எரிகா என்ற செடியின் வேர்க்கட்டையில் செய்கிற பிரையர் பைப் அந்த நூற்றாண்டின் நடுவில் பரவிய பிறகு மீர்ஷாமின் இடம் சுருங்கியது. பிரையர் கீழே விழுந்தால் உடையாது. மீர்ஷாம் விழுந்தால் கதை முடிந்தது.

வாங்கும்போது என்ன பார்ப்பது

பொங்கலுக்கு மூணு நாள் முன்னால் ஊருக்குப் போனேன். அண்ணன் பைப்பை மஞ்சள் துணியில் சுற்றி பூஜை அலமாரியில் வைத்திருந்தார். கையில் வாங்கினேன். தலைப்பாகை கட்டிய தாடிக்காரர் முகம். நல்ல செதுக்கல். தண்டு தேன் நிறத்தில் பழுத்திருந்தது, மேலே வெள்ளை.

"மிதக்குமாமே தம்பி, தண்ணியில போட்டுப் பாத்துருவமா?" என்று சொம்பை எடுத்தார். நான் அவசரமாகத் தடுத்தேன். மிதக்கிற சோதனை காய்ந்த கட்டிக்குத்தான். மெழுகேற்றி, புகைத்துப் பழகிய பைப்பைத் தண்ணீரில் முக்கினால் கல் ஊறி இளகிவிடும்.

யாராவது பழைய பைப் வாங்கப் போனால் உதவும் என்பதால் நான் பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் எடை. கையளவு பைப், அண்ணன் வீட்டுச் சமையலறைத் தராசில் 46 கிராம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்றால் இதைவிட நன்றாகக் கனக்கும். அடுத்தது நாக்கு. மெழுகு படாத கல், ஈரத்தை உறிஞ்சும் என்பதால், நாக்கு நுனியில் ஒட்டும். தண்டின் உள்பக்கம் ஒரு மெழுகில்லாத விளிம்பு இருந்தது. துடைத்துவிட்டு வைத்துப் பார்த்தேன், ஒட்டியது. மூன்றாவது லென்ஸ். கல்லைச் செதுக்கும்போது விழும் தூளையும் துண்டுகளையும் பிசினோடு அழுத்திச் செய்கிற அழுத்த மீர்ஷாமும் சந்தையில் உண்டு. அது எங்கே பார்த்தாலும் ஒரே சீராக, உயிரில்லாமல் இருக்கும். முழுக்கல்லில் மெல்லிய கோடுகளும் சின்னச் சின்னத் திட்டுகளும் தெரியும். இதில் தெரிந்தது.

நான்காவது நிறம். மீர்ஷாமை விரும்புகிறவர்கள் விரும்புவதே இதற்காகத்தான். புகைக்கும்போது புகையிலையின் ஈரமும் தாரும் கல்லின் துளைகளுக்குள் இறங்குகிறது. சூட்டில் மெழுகும் உள்ளே நகர்கிறது. வருஷக்கணக்கில் வெள்ளைக் கல் மஞ்சளாகி, தேனாகி, பழுப்பாகிறது. ஈரம் போய்ச் சேர்கிற இடமான தண்டிலும் கிண்ணத்தின் அடியிலும் முதலில் நிறம் ஏறும். சாயம் பூசி ஏமாற்றினால் எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கும். அண்ணனின் பைப் நியாயமாகக் கீழிருந்து மேலே பழுத்திருந்தது.

நான் புகைத்த காலத்தில் கடைக்காரர் சொல்லிக்கொடுத்த ஒழுங்குகள் இன்னும் ஞாபகம் இருக்கு. சூடாக இருக்கும்போது கிண்ணத்தைத் தொடாதே, விரல் பட்ட இடத்தில் கறை விழும். தண்டைப் பிடி. ஆறும் முன் வாய்ப்பகுதியைக் கழற்றாதே. கிண்ணத்தின் உள்ளே கரி படிய விடாதே. பிரையரில் கரிப்படலம் மரத்தைக் காக்கும், மீர்ஷாமில் அது சூட்டில் விரிந்து கல்லைப் பிளந்துவிடும். மெதுவாக இழு. புதுப் பைப்பைப் பழக்க வேண்டியதில்லை, கல்லுக்குச் சொந்த ருசியும் கிடையாது. புகையிலை புகையிலையாகவே இருக்கும். ஒரு பொருளை இத்தனை ஜாக்கிரதையாகப் பயன்படுத்தச் சொன்னால் அதோடு ஒரு உறவு வந்துவிடுகிறது. தொண்டைக்கு அது தெரிவதில்லை, அதனால் விட்டேன்.

ஆக, பைப் அசல். முழுக்கல் மீர்ஷாம். 4,500 ரூபாய்க்கு மோசமில்லை. அண்ணன் முகம் மலர்ந்தது. "அப்ப எழுதிரலாமா தம்பி?"

கழற்றிப் பார்த்தபோது

பழைய பொருளில் நான் கடைசியாகப் பார்ப்பது இணைப்பு. வெளியே தெரிகிற அழகில் எவ்வளவு வேண்டுமானாலும் பழமை காட்டலாம், உள்ளே யாரும் பார்க்காத இடத்தில் செய்தவன் தன் காலத்துப் பொருளைத்தான் போட்டிருப்பான். 19ஆம் நூற்றாண்டு மீர்ஷாம் பைப்பில் வாய்ப்பகுதியையும் தண்டையும் இணைப்பது எலும்பில் கடைந்த சின்னத் திருகு. அண்ணனின் பைப்பை மெதுவாகக் கழற்றினேன். திருகு இல்லை. அழுத்திச் செருகுகிற வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு.

நைலான் 1930களின் கண்டுபிடிப்பு. இந்த மாதிரி பாகங்களுக்குப் பயன்படுகிற டெல்ரினை டூபாண்ட் விற்பனைக்குக் கொண்டு வந்தது 1960இல். எதுவாக இருந்தாலும் சரி, பென்னிகுக் இறந்தது 1911இல்.

உடனே முடிவு கட்டவில்லை. அலுவலகத்தில் பிழை தேடும்போதும் முதல் காரணம் கிடைத்ததும் நிறுத்தக்கூடாது என்பது பழக்கம். பழைய பைப்பின் எலும்புத் திருகு உடைந்து, பின்னால் யாரோ பிளாஸ்டிக் போட்டிருக்கலாம் அல்லவா? அதனால் பெட்டியைப் பார்த்தேன். பைப்பின் வடிவத்துக்கே குழித்த பெட்டி. இந்த வாய்ப்பகுதியோடு சேர்த்து இம்மி பிசகாமல் உட்கார்கிறது. ஆக பைப்பும் வாய்ப்பகுதியும் பெட்டியும் ஒன்றாகப் பிறந்தவை. சாட்டின் துணி ஒரு மூலையில் பிரிந்திருந்தது. அடியில் மஞ்சள் ஸ்பாஞ்ச். பாலியூரிதேன் ஸ்பாஞ்ச் சந்தைக்கு வந்தது 1950களில். பிறகு அந்தத் தலைப்பாகை முகம். அது எஸ்கிஷெஹிர் பட்டறைகள் இன்றும் செதுக்குகிற சுல்தான் தலை. 1970களில் துருக்கி கட்டிக்கல் ஏற்றுமதியை நிறுத்தி, செதுக்கிய பொருளாகத்தான் வெளியே போகலாம் என்றாக்கியது. சுற்றுலாப் பயணிகள் இன்றைக்கும் வாங்கி வருகிற பைப் இந்த இனம்தான்.

பைப் உலகத்திலேயே இப்படி ஒரு கதை உண்டு. 1723இல் ஹங்கேரியில் ஆண்ட்ராஷி என்ற பிரபு துருக்கியிலிருந்து வந்த வெள்ளைக் கல்லை கோவாச் என்ற செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, உலகத்தின் முதல் மீர்ஷாம் பைப்பைச் செய்யச் சொன்னாராம். கோவாச் கையிலிருந்த மெழுகு பட்ட இடமெல்லாம் பொன்னிறமானதாம். அப்படித்தான் மெழுகேற்றும் முறை பிறந்ததாம். பைப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதைக் கதை என்றே வைத்திருக்கிறார்கள். அழகான பொருளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பெயர் இல்லாவிட்டால் நமக்கு மனசு கேட்பதில்லை.

அந்த எட்டு வருஷமும் ஒரு சுருட்டும்

அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அன்று ராத்திரி வேறொரு கேள்விக்குப் போனேன். அணை வேலை நடந்த 1887 முதல் 1895 வரை, புகைக்கும் நம்ம ஜில்லாவுக்கும் நிஜமாகவே என்ன தொடர்பு?

பெரியாறு குத்தகை ஒப்பந்தம் 1886 அக்டோபர் 29. 999 வருஷத்துக்கு 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், ஆக வருஷத்துக்கு 40,000 ரூபாய். அடுத்த வருஷம் வேலை ஆரம்பம். அதே 1887இன் கடைசியில் லண்டனில் ஒரு கிறிஸ்துமஸ் மலரில் கானன் டாயிலின் முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதை வெளியாகிறது. ஹோம்ஸ் என்றதும் வளைந்த பெரிய பைப் ஞாபகம் வரும். சுரைக்குடுக்கையில் செய்து, உள்ளே மீர்ஷாம் கிண்ணம் பொருத்திய பைப் அது. ஆனால் டாயிலின் கதைகளில் அது கிடையவே கிடையாது. பின்னால் மேடையும் சினிமாவும் படங்களும் சேர்ந்து அவர் வாயில் வைத்தது. அந்த முதல் கதையில் இருப்பது வேறு. கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்து, கொலைகாரன் பிடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார்.

திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று பெயர். உறையூரில் சுற்றினார்கள். ஆனால் இலை பெரும்பாலும் திண்டுக்கல் பக்கம் விளைந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல், தேனி 1996இல். அணை கட்டிய காலத்தில் திண்டுக்கல்லும் கம்பமும் ஒரே மதுரை ஜில்லா. ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லிலேயே சுருட்டு ஆலை நடத்தியது. பின்னால் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிறுவனம் வேடசந்தூரில் நிலையம் வைத்ததும் இந்த மண்ணின் இலைக்காகத்தான். ஆங்கிலத்தில் செரூட் என்கிறார்களே, அது நம்ம "சுருட்டு" என்ற சொல். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியில் அதற்குத் தனிப் பதிவே இருக்கு.

அதாவது, நம்ம ஜில்லாவில் மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவர ஆள் சேர்த்துக்கொண்டிருந்த அதே வருஷம், நம்ம ஜில்லா இலையின் சாம்பல் லண்டன் கதையில் துப்பாகக் கிடக்கிறது. லண்டனிலிருந்து இங்கே வந்த ஒரு பைப்பைத் தேடி நாங்கள் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தோம். இங்கிருந்து பொருளும் சொல்லும் சேர்ந்தே அங்கே போயிருக்கு, அதை யாரும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை.

வைக்கவும் முடியாது. யோசித்துப் பார்த்தால் இதுதான் விஷயம். மீர்ஷாம் பைப் நூறு வருஷம் இருக்கும். வெல்வெட் பெட்டியோடு, வெள்ளிப் பூணோடு, பிடித்தவனின் நிறத்தைக் கல்லில் ஏற்றிக்கொண்டு இருக்கும். சுருட்டு எரிந்தால் சாம்பல். அணை வேலையில் மலேரியா உள்ளிட்ட நோய்களில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அணைக்குப் பக்கத்திலேயே அவர்களைப் புதைத்த இடம் இருக்கு. எங்க ஊரின் பெயரே ஒரு முகாம். முகாம் என்றால் ஆயிரக்கணக்கான ஆட்கள், அடுப்பு, சட்டி, கூடை, மண்வெட்டி. அதில் எதுவும் பழம்பொருள் கடைக்கு வருவதில்லை. வந்தால் வருவது பைப்பும் கைக்கடிகாரமும் வாக்கிங் ஸ்டிக்கும்தான். ஆகவே பழம்பொருளை வைத்து வரலாறு எழுத உட்கார்ந்தால், நாலு துரைமார் மட்டும் தனியாக நின்று அணை கட்டிய மாதிரி ஆகிவிடும். சொத்தை விற்று அணை கட்டினார் என்று பென்னிகுக்கைப் பற்றி ஊரில் சொல்கிற கதையையும் இந்த ஆசையிலிருந்து பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் திறந்து வைத்த அந்தத் தண்ணீர் இன்றைக்கும் சுரங்கம் வழியாக வருகிறது. அவருக்கு அதைவிடப் பெரிய சான்று எதற்கு?

அட்டையில் எழுதியது

மறுநாள் காலை அண்ணன் வீட்டுக்குப் போய், பிளாஸ்டிக் துண்டையும் ஸ்பாஞ்சையும் காட்டி, வருஷங்களைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப துரை இதைப் பிடிக்கலைங்கிற."

"இந்தப் பைப்ப அவரு பிடிக்கலண்ணே."

"ஊருல நாலு பேருகிட்ட சொல்லிட்டேனே தம்பி." குரலில் கோபம் இல்லை, வெட்கம் இருந்தது. எனக்கு அதுதான் கஷ்டமாகப் போனது. சும்மா இருந்திருக்கலாமோ, ஒரு பைப் அவர் பேரில் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. நஷ்டம் உண்டு. நாளைக்கு ஒருத்தன் அந்தப் பிளாஸ்டிக்கைக் கழற்றிப் பார்ப்பான். அதற்குப் பிறகு நாம் சொல்கிற உண்மைகளையும் அவன் கழற்றித்தான் பார்ப்பான்.

அண்ணன் பைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆனா யாரோ ஒருத்தன் ரொம்ப வருஷம் ஆசையாப் பிடிச்சிருக்கான், இல்ல?" என்றார். ஆமாம், அந்தத் தண்டின் நிறம் சும்மா வராது.

ஜனவரி 15 அன்று 2013இல் திறந்த மணிமண்டபத்துக்கு எல்லோரும் போனோம். மாலை போட்டோம், பொங்கல் வைத்தோம். கண்ணாடிப் பெட்டி வரவில்லை. பைப் இப்போது அண்ணன் வீட்டு ஷோகேஸில் இருக்கு. அடியில் அவர் கையெழுத்தில் ஒரு அட்டை: "மீர்ஷாம் பைப். துருக்கி. 1960க்குப் பிறகு. பிடித்தவர் பெயர் இல்லை."

கம்பம் பள்ளத்தாக்கில் யார் வீட்டுப் பரணிலாவது அம்பர் வாயும் எலும்புத் திருகுமாக ஒரு வெள்ளைப் பைப் கிடந்தால், கழுவாமல், பாலிஷ் போடாமல் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க. அதைவிட முக்கியமாக, தாத்தாவின் தாத்தா அணை வேலைக்குப் போனார் என்று சொல்லி ஒரு மண்வெட்டியோ கூலிச் சீட்டோ இருந்தால், அதை முதலில் அனுப்புங்க.